தாம்பரத்துக்குக் கடல் எந்தப் பக்கம்?

எட்டு வயதில் நான் கேட்ட ஒரு கேள்விக்கு இத்தனை வருஷம் கழித்துப் பதில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான குறிப்பு, பொறுமையாப் படிங்க.

நான் வளர்ந்தது கிழக்குத் தாம்பரத்தில். எங்கள் ஊரிலிருந்து கிளம்பும் எலெக்ட்ரிக் ட்ரெயினின் நெற்றியில் 'பீச்' என்று பலகை இருக்கும். பீச்சுக்குப் போகிற வண்டி என்றால் கடைசி ஸ்டேஷனில் இறங்கி மணலில் கால் வைக்கலாம் என்றுதானே ஒரு சின்னப் பையன் நினைப்பான்? ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவை நச்சரித்து, மாம்பலம், எழும்பூர், பார்க், கோட்டை எல்லாம் தாண்டிக் கடைசி வரை போனோம். இறங்கிப் பார்த்தால் மணலும் இல்லை, அலையும் இல்லை. எதிரே ராஜாஜி சாலை, வரிசையாக லாரிகள், நீளமான மதில், மதிலுக்கு மேலே கிரேன்களின் கழுத்து.

"கடல் எங்கப்பா?"

"அந்தச் செவுத்துக்குப் பின்னாடிதான்டா இருக்கு."

பிறகு பஸ் பிடித்து மெரினா போனோம், சுண்டல் சாப்பிட்டோம், திரும்பினோம். கேள்வி மட்டும் தங்கிவிட்டது. சில வருஷம் கழித்துப் பள்ளிக்கூடத்து மேப்பில் ஸ்கேல் வைத்துப் பார்த்தபோது இரண்டாவது கேள்வியும் வந்தது. தாம்பரத்திலிருந்து நேர் கிழக்கே கோடு போட்டால் ஏறக்குறைய 15 கி.மீ.யில் இஞ்சம்பாக்கத்துக் கடலில் போய் முட்டுகிறது. பீச் ஸ்டேஷனுக்கோ ரயிலில் 29 கி.மீ. பக்கத்தில் இருக்கிற கடலை விட்டுவிட்டு நாங்கள் ஏன் இரண்டு மடங்கு தூரம் வடக்கே போனோம்?

இப்போது நான் பாலவாக்கத்தில் வாடகைக்கு இருக்கிறேன். பதினோரு வருஷமாச்சு. கடல் ஐந்து நிமிட நடை. வரைபடங்களைப் பார்த்தும், இங்கே இருக்கும் குப்பத்து ஆட்களிடம் பேசியும் அந்த இரண்டு கேள்விக்கும் பதில் கிடைத்தது. மூன்றாவதாக ஒரு கேள்வியும் முளைத்தது. அதைக் கடைசியில் சொல்றேன்.

மதிலுக்குப் பின்னால் போன கடல்

பீச் ஸ்டேஷன் பேரில் பொய் இல்லை. இன்றைய ராஜாஜி சாலைக்கு ஒரு காலத்தில் ஃபர்ஸ்ட் லைன் பீச் என்று பெயர், பிறகு நார்த் பீச் ரோடு. சாலைக்கு அந்தப் பக்கம் கடல்தான். கோட்டை கட்டிய காலத்தில் அலை கோட்டை மதிலுக்குப் பக்கத்திலேயே அடித்தது.

மெட்ராஸுக்கு இயற்கையான துறைமுகம் கிடையாது. கப்பல்கள் ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்களையும் சரக்கையும் மசூலா படகில் ஏற்றி அலையைத் தாண்டிக் கொண்டுவருவார்கள். ஆணி அடிக்காமல், பலகைகளைக் கயிற்றால் தைத்த படகு அது. அலை அடித்தால் உடையாமல் நெளிந்து கொடுக்கும். அந்தப் படகுகளை ஓட்டியவர்கள் நம் கரையோர மக்கள்தான். அவர்களை நம்பித்தான் கம்பெனியின் வியாபாரமே நடந்தது.

1875 டிசம்பரில், பிற்பாடு ஏழாம் எட்வர்ட் மன்னரான வேல்ஸ் இளவரசர் வந்திருந்தபோது செயற்கைத் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். கடலுக்குள் கல்லைக் கொட்டி இரண்டு கைகள் மாதிரி அலைத்தடுப்புச் சுவர். 1881 நவம்பர் புயல் அதைச் சிதைத்துப் போட்டது. விடாமல் மறுபடி கட்டினார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நுழைவாயிலை வடகிழக்குக்கு மாற்றினார்கள். துறைமுகம் வளர வளர, கரையோரக் கடலைத் தூர்த்து நிலமாக்கினார்கள். கடல் மதிலுக்குப் பின்னால் போனது. 1931இல் தென்னிந்திய ரயில்வே பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் நடுவே மீட்டர் கேஜ் மின்சார ரயில் விட்டபோது 'பீச்' என்ற பெயர்தான் மிச்சம் இருந்தது.

துறைமுகம் கொடுத்த மணல்

நம் கரையில் மணல் சும்மா கிடப்பதில்லை, நடந்துகொண்டே இருக்கும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் அதை வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவக்காற்றில் தெற்கே தள்ளும். வருஷக் கணக்குப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். அந்த வழியில் போய் ஒரு கல் சுவரை வைத்தால்? தெற்குப் பக்கம் மணல் தேங்கியது, மெரினா அகலமாகிக்கொண்டே போனது. வடக்குப் பக்கம் மணல் வரவில்லை. ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் கடல் ஊரைத் தின்றது. இன்றைக்கும் அங்கே கல் கொட்டித்தான் கரையைக் காப்பாற்றுகிறார்கள். நாம் கால் வலிக்க நடந்து அலையைத் தொடுகிற மெரினா மணல், வடசென்னைக்குப் போய்ச் சேர வேண்டிய மணல்.

1881 முதல் 1886 வரை கவர்னராக இருந்த கிராண்ட் டஃப் 1884 வாக்கில் அங்கே உலாவும் சாலை போட்டார். சிசிலித் தீவில் பார்த்ததை நினைத்து 'மெரினா' என்று பெயரும் வைத்தார். காற்று வாங்கக் கடற்கரைக்குப் போவது அப்போது ஐரோப்பாவிலேயே புதுப் பழக்கம்தான். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் ரிச்சர்ட் ரஸ்ஸல் என்ற டாக்டர் கடல் குளியலை மருந்தாகச் சொல்ல ஆரம்பித்த பிறகுதான், பிரைட்டன் என்ற மீனவ ஊர் பணக்காரர்களின் ஊராக மாறியது.

அந்த மாற்றம் நம் கரையிலும் மீனவரை இடித்தது. 1985 கடைசியில் மெரினாவை அழகுபடுத்துகிறோம் என்று கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்றப் போனபோது மோதல் வந்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மீனவர்கள் செத்தார்கள். படகு நிற்பது அசிங்கம், பெஞ்ச் நிற்பது அழகு என்று யாரோ முடிவு செய்ததன் விலை அது. நான் அப்பாவோடு சுண்டல் சாப்பிட்ட மணலில் இது நடந்தது என்று முப்பது வயது வரை எனக்குத் தெரியாது.

நடுவில் இருந்த தண்ணீர்

சரி, கிழக்கே ஏன் போகவில்லை? நடுவில் பள்ளிக்கரணை இருந்தது. இன்றைக்கு வேளச்சேரி ரோட்டில் போகும்போது வேலிக்குள் நாரையும் குப்பைமேடும் தெரிகிற அந்தச் சதுப்பு, ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்ததாகக் கணக்கிடுகிறார்கள். 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது அதில் மிஞ்சிய பகுதிதான். அதையும் தாண்டினால் கடலுக்கு இணையாக பக்கிங்ஹாம் கால்வாய், 19ஆம் நூற்றாண்டில் படகுப் போக்குவரத்துக்காகப் பகுதி பகுதியாக வெட்டியது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டை 1877–78 பஞ்சத்தில் நிவாரண வேலையாகத் தோண்டினார்கள்; அப்போது கவர்னராக இருந்த பக்கிங்ஹாம் கோமகனின் பெயரையே கால்வாய்க்கு வைத்துவிட்டார்கள்.

எங்களுக்கு ரயில் இருந்தது வடக்கே. கிழக்கே இருந்தது சேறு, கோரை, கால்வாய். அதனால் பக்கத்துக் கடல் எங்களுக்குத் தெரியாத கடலாக இருந்தது. ஆனால் எங்கள் ஊர் மழைத்தண்ணீருக்கு வழி தெரிந்திருந்தது. சேலையூர், செம்பாக்கம் ஏரிகள் நிரம்பினால் தண்ணீர் பள்ளிக்கரணைக்குப் போகும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்ஹாம் கால்வாய், கடைசியில் முட்டுக்காடு முகத்துவாரம். நாங்கள் பஸ்ஸும் ரயிலும் மாறி மெரினா போன வருஷங்களிலும், எங்கள் தெருத் தண்ணீர் ஒவ்வொரு ஐப்பசியிலும் கோவளத்துக்கு வடக்கே கடலைத் தொட்டுக்கொண்டுதான் இருந்தது.

பாக்கமும் குப்பமும்

கொட்டிவாக்கம், பாலவாக்கம், இஞ்சம்பாக்கம். நம் பழைய இலக்கணத்தில் நெய்தல் நிலத்து ஊருக்குப் பட்டினம், பாக்கம் என்று பெயர். உள்நாட்டிலும் மேடவாக்கம், மீனம்பாக்கம் எல்லாம் உண்டு என்றாலும், கரையோரத்தில் இந்தப் பெயர் ரொம்பப் பொருத்தமாக உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு பாக்கத்துக்கும் கடலை ஒட்டி ஒரு குப்பம். ஊர் மேட்டில், குப்பம் மணலில், நடுவில் சவுக்கும் தென்னையும்.

மீன் பிடிக்காமல், கடலைப் பார்த்துக்கொண்டு வாழ்வதற்காக இந்தப் பக்கம் வந்தவர்களில் முன்னோடிகள் ஓவியர்கள். கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966இல் இஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை அமைத்தார்கள். பாத்திக் துணி மாதிரிக் கைவினைப் பொருட்கள் விற்ற காசு அதற்கு உதவியது. நான் மேப்பில் போட்ட கோடு கிட்டத்தட்ட அவர்கள் வாசலில்தான் போய் நிற்கிறது! அப்புறம் விஜிபி கோல்டன் பீச். அசையாமல் நிற்கும் 'சிலை மனிதரை'ச் சிரிக்க வைக்க முயலாத என் வயதுக்காரர் குறைவு.

1990களின் கடைசியில் கிழக்குக் கடற்கரைச் சாலையை அகலப்படுத்தினார்கள், 2002இலிருந்து சுங்கம் வந்தது. சோழிங்கநல்லூரிலிருந்து கால்வாயைத் தாண்டி அக்கரைக்குச் சாலை இருப்பதால் இப்போது தாம்பரத்துக்காரருக்கும் கடல் உண்மையிலேயே கிழக்கே வந்துவிட்டது. 2011இல் இந்த ஊர்கள் எல்லாம் சென்னை மாநகராட்சிக்குள் போயின. சவுக்குத் தோப்புகள் மனைகளாகின, மனைகள் அடுக்குமாடிகளாகின.

இதற்கெல்லாம் முன்பே, 1991 பிப்ரவரியில், கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வந்துவிட்டது. அலையேற்றக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை என்னென்ன செய்யலாம், கூடாது என்று சொல்லும் விதி அது. அதில் அதிகம் பேசப்படாத ஒரு வரி உண்டு. இரண்டு கடற்கரை விடுதிகளுக்கு நடுவே குறைந்தது 20 மீட்டர் அகலத்துக்கு இடைவெளி விட வேண்டும், பொதுமக்கள் கடலுக்குப் போவதற்காக. எழுதியவர்களுக்கு ஒன்று புரிந்திருக்கிறது. கரை பொதுச் சொத்தாக இருந்தாலும், போகிற வழி அடைபட்டால் அது தனிச் சொத்து மாதிரிதான்.

பன்னிரண்டு மாதமும்

வழி திறந்திருந்தால் இந்தக் கரையில் வருஷம் முழுக்க என்ன இருக்கிறது? இங்கிலாந்துக் கடற்கரை மாதிரி கோடையில் மட்டும் திறக்கிற கடை இல்லை நம்முடையது.

தையிலிருந்து பங்குனி வரை ஆமைகளின் காலம். பங்குனி ஆமை என்று மாதப் பெயரையே சுமக்கிற ஆமைகள் ராத்திரியில் கரையேறி முட்டையிடும். 1988இலிருந்து மாணவர்கள் நடத்தும் கடலாமைப் பாதுகாப்புக் குழு ஒன்று நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவு முழுக்க நடந்து, முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைக்கிறது. ஒருநாள் கூடப் போங்க, தூக்கம் கெட்டாலும் பரவாயில்லை. 2025 ஜனவரியில் மட்டும் நூற்றுக்கணக்கில் செத்த ஆமைகள் இந்தக் கரையில் ஒதுங்கின. இழுவலையில் மாட்டினால் மேலே வந்து மூச்சு விட முடியாது.

பங்குனி, சித்திரையில் மணல் அகலமாக இருக்கும், காலையில் கடல் குளம் மாதிரி கிடக்கும். ஏப்ரல் 15இலிருந்து 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. குப்பத்துச் சின்னப் படகுகளுக்கு அது கிடையாது. அதனால் கத்திரி வெயிலில் நல்ல மீன் வேணும்னா குப்பம்தான்.

வைகாசி, ஆனியில் கடற்காற்றுக்குக் காத்திருப்பதே ஒரு வேலை. வெயிலில் தரை சூடாகிக் காற்று மேலே எழும்ப, அந்த இடத்துக்குக் கடல் பக்கத்துக் குளிர்ந்த காற்று வரும். மேற்குக் காற்று பலமாக இருந்தால் தாமதமாகும். கரையில் ஒரு மணிக்கு வந்த காற்று தாம்பரத்துக்குப் போய்ச் சேர இன்னும் நேரமாகும், சில நாள் சேராமலே போகும். சின்ன வயதில் சாயங்காலம் மொட்டை மாடியில் அம்மா, "கடக்காத்து வந்துடுச்சு, பாய எடுத்துட்டு வா" என்பாள். யோசித்தால், நாங்களும் கடற்கரைவாசிகளாகத்தான் இருந்திருக்கிறோம்!

ஆவணியில் அதிர்ஷ்டம் இருந்தால் கடல் ஒளிரும். 2019 ஆகஸ்ட் 18 ராத்திரி திருவான்மியூரிலிருந்து இந்தப் பக்கம் முழுக்க அலை நீலமாக மின்னியது. நாக்டிலூக்கா என்ற நுண்ணுயிரி செய்கிற வேலை. நாங்கள் தெருவோடு போய்ப் பார்த்தோம்.

ஐப்பசி, கார்த்திகையில் வாடை. கடல் கலங்கும், மணல் ஆள் முழங்கால் உயரத்துக்குப் படி மாதிரி வெட்டுப்படும், கரை பாதியாகச் சுருங்கும். பயப்படாதீங்க, பெரும்பாலும் தைக்குப் பிறகு மணல் திரும்பி வரும். அடப்பங்கொடியும் ராவணன் மீசையும் இருக்கிற இடத்தில் மணல் கெட்டியாக நிற்கும். அழகுக்காக அதைப் பிடுங்குகிறவர்கள் கரையைப் பிடுங்குகிறார்கள்.

மார்கழியில் வானம் தெளியும். ஆனால் இந்தக் கரை மறக்காத இரண்டு நாட்கள் அந்த மாதத்தில்தான். 1930 டிசம்பர் 30, அலையில் மாட்டியவர்களைக் காப்பாற்றப் போய் டென்மார்க் மாலுமி ஷ்மிட் இறந்த நாள். பெசன்ட் நகரில் நிற்கும் வெள்ளை நினைவுச்சின்னம் அவருக்கு. மற்றது 2004 டிசம்பர் 26. அதனால் இறங்கிக் குளிப்பதைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை: நம் கரை சட்டென்று ஆழமாகும், உள்ளே இழுக்கும். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கிப் போராடாமல், கரைக்கு இணையாக நீந்தி இழுப்பிலிருந்து விலகணும். முழங்கால் தண்ணீரோடு நிறுத்திக்கொள்வது எல்லாவற்றிலும் நல்லது.

பூட்டிய சந்து

இப்போது மூன்றாவது கேள்வி. நாங்கள் கடலுக்குப் போகிற சந்தில் சில வருஷம் முன்னால் ஒருநாள் இரும்பு கேட் போட்டார்கள், பாதுகாப்புக்காக என்று. என்னை வாட்ச்மேன் சிரித்துக்கொண்டே விட்டார். எனக்குப் பின்னால் கூடையோடு வந்த மீன்கார அம்மாவை, "சுத்திப் போம்மா" என்றார். அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை, கூடையை இடுப்பு மாற்றிக்கொண்டு திரும்பி நடந்தாங்க. நான் கடலுக்குப் போய்விட்டேன். அன்றைக்கு நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ராத்திரி தூக்கம் வராமல், எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். ஆவணம் தேடினேன். கிராமப் புல வரைபடத்தில் அந்தச் சந்து மணல் வரைக்கும் பாதை என்றே குறித்திருந்தது. குடியிருப்போர் கூட்டத்துக்கு நகல் எடுத்துப் போனோம், நாலு பேர். "மீன் நாத்தத்துக்காகவா சார் இவ்ளோ?" என்று ஒருவர் கேட்டார். நீண்ட பேச்சுக்குப் பிறகு, கேட்டில் சின்னக் கதவு மட்டும் காலை ஐந்திலிருந்து இரவு ஒன்பது வரை பூட்டாமல் இருக்கும் என்று முடிவானது. இன்றும் அப்படித்தான் இருக்கிறது.

மீன்கார அம்மாவைப் பார்த்து விஷயத்தைச் சொன்னேன்.

"வேணாம் தம்பி. ஒருக்கா கேட்டவன் இன்னொருக்கா கேப்பான். நான் குப்பத்து வழியாவே வரேன், அங்க யாரும் யாரையும் கேக்க மாட்டாங்க."

அது நிஜம். நாங்கள் குடும்பத்தோடு வருஷம் முழுக்கக் குப்பத்துத் தெரு வழியாகப் போகிறோம், வலை காய்கிற இடத்தைத் தாண்டி, ஃபைபர் போட்டுகளுக்கு நடுவே. எங்க வீட்டுக்கு எப்படிப் போறன்னு ஒருத்தரும் கேட்டதில்லை. மெரினாவில் அழகுக்காக அப்புறப்படுத்தப் பார்த்தது இவர்களைத்தான். இவர்கள் இங்கே இருப்பதால்தான் எனக்கு இந்தக் கடல் திறந்திருக்கிறது.

கடற்கரைப் பக்கம் வீடு பார்க்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். விளம்பரத்தில் கடல் எத்தனை மீட்டர் என்று இருக்கும். அதோடு, மணல் வரைக்கும் பொதுப்பாதை எது என்று புல வரைபடத்தில் பாருங்க. அந்தப் பாதையில் மீன்கூடை போகுமா என்று பாருங்க. கூடையைத் தடுத்த கேட் நாளைக்கு வாடகைக்காரனைத் தடுக்கும், அப்புறம் தாம்பரத்திலிருந்து பஸ்ஸில் வருகிற பையனைத் தடுக்கும்.

போன மாசி மாதம் அப்பா வந்திருந்தார். கைத்தடியோடு குப்பத்து வழியாக மெதுவாக அழைத்துப் போனேன். படகில் சாய்ந்து உட்கார்ந்து ரொம்ப நேரம் கடலைப் பார்த்தார். பிறகு கேட்டார், "இங்கேர்ந்து நம்ம ஊர் எந்தப் பக்கம்டா?"

பின்னால் திரும்பி, சூரியன் இறங்கிக்கொண்டிருந்த பக்கம் கையைக் காட்டினேன்.

"இவ்ளோ கிட்டயா?" என்றார்.